சாட்டியல்: வன்னி நாட்டு வீட்டுத் தேகப்பயிற்சிக்கு ஆறு நூற்பாவும் அவற்றின் விருத்தியுரையும்

பாயிரம்

தேகப்பயிற்சி என்பது யாதெனின், ஒரு பொருளையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தாமல், கூலியும் வாங்காமல், வேண்டுமென்றே வியர்ப்பது. இந்த வரைவிலக்கணத்தைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் யாரிடம் சொன்னாலும், கேட்டவர் கொஞ்சநேரம் பேசாமல் இருப்பார். பிறகு, "அப்ப அதை ஏன் செய்யிறது?" என்பார். அந்த ஒரு கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்நூல் இவ்வளவு நீண்டது.

முன்னோர் நூல்களைத் துருவிப் பார்த்தோம். வள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரமே செய்தார். அதன் பெரும்பகுதி எவ்வளவு உண்பது, எப்போது உண்பது என்பதிலேயே கழிந்துவிட, தண்டாலுக்கு இடம் போதவில்லை. 1895-இல் ஜே. பி. லூயிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி வன்னி மாவட்டங்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். குந்தி எழும்புவதற்கு அவரும் தனி அதிகாரம் ஒதுக்கவில்லை. பண்டாரவன்னியன் 1803-இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். பிடிப்பதற்கு முதல்நாள் காலையில் எத்தனை தண்டால் எடுத்தான் என்பதை எந்த வரலாற்றாசிரியரும் பொருட்படுத்தவில்லை. ஆகவே இத்துறையில் எமக்கு முன் ஒருவரும் இல்லை என்று தெளிந்தோம். எல்லா ஆய்வாளரையும் போல அதற்கு 'ஆய்வு இடைவெளி' என்று பெயர் சூட்டி, மகிழ்ச்சியுடன் நிரப்பத் தொடங்கினோம்.

நூற்பா 1

நேரம் இலதெனல் நேரம் அன்றே;
நாணம் என்ப நன்குணர்ந் தோரே.

இஃது என் நுதலிற்றோ எனின், வீட்டில் தேகப்பயிற்சி செய்யாமைக்குச் சொல்லப்படும் காரணத்தை ஆராய்தல் நுதலிற்று.

"எங்க அண்ணை நேரம்?" என்பது இந்நாட்டின் பொது விடை. சொல்பவர் யார் என்று பார்க்கவேண்டும். விடிய நாலரைக்கு எழும்பி, புட்டவித்து, மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டி, பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிவிட்டு, ஆறரை பஸ்ஸுக்கு ஓடுகிற ஆசிரியை சொன்னால் அது உண்மை. ஆய்வு அவருக்குத் தலைவணங்கி விலகும். சந்தியில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, அதிலேயே இருந்தபடி, இந்தியா அடித்த ஓட்டங்களை முக்கால் மணித்தியாலம் கணக்குப் பார்ப்பவர் சொன்னால், உரையாசிரியர் வேறு பொருள் கொள்ளவேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டு வருமாறு. நாற்பத்தைந்து வயதுக் குடும்பத்தலைவர் ஒருவர் விடியப்புறம் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் பலா மரத்தடியில் குப்புறப் படுத்துத் தண்டால் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தகர வேலிக்கு மேலால் ஒரு தலை தெரியும்.

"தம்பி, விழுந்திட்டீரோ?"

"இல்லை மாமி, எக்சசைஸ்."

"ஆ... கிளினிக்கில என்னவாம்?"

"ஒண்டுமில்லை மாமி. சும்மா."

"சும்மாவோ?"

அந்தக் கடைசி 'சும்மாவோ'வில் அவர் விதி எழுதப்பட்டுவிட்டது. பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னம் அவருக்குச் சீனி முந்நூறு என்று சந்திக்குத் தெரியும். பின்னேரம் அது கொலஸ்ரோலாகவும் வளரும். இரவு கனடா ஸ்காபரோவிலிருந்து தங்கச்சி எடுப்பாள்: "அண்ணை, எங்களுக்கு ஏன் மறைச்சனீங்கள்?" அவள் அழுது முடிய ஒரு மணித்தியாலம். அடுத்தநாள் பலா மரத்தடியில் யாரும் இல்லை. ஏன் விட்டீர் என்று கேட்டால், "எங்க நேரம்?" என்பார்.

வருத்தம் வந்தவன்தான் காரணமில்லாமல் நடப்பான், குனிவான், கையை ஆட்டுவான் என்பது இவ்வூரின் துணிபு. சுகதேகி வியர்த்தால் அதற்கு ஒரு நெல்மூட்டையோ வேலிக்கதியாலோ சாட்சி நிற்கவேண்டும்.

நூற்பா 2

சாட்டில் லாத அசைவு சந்தேகம்;
சாட்டுள வாயின் சால்பெனப் படுமே.

இஃது அந்நாணத்துக்கு மருந்து கூறுகின்றது. சாட்டாவது, ஓர் அசைவுக்கு ஊர் ஒத்துக்கொள்ளும் காரணம். அது தெய்வச் சாட்டு, தண்டனைச் சாட்டு, விழாச் சாட்டு, தட்டுப்பாட்டுச் சாட்டு, வேலைச் சாட்டு என ஐவகைப்படும்.

தெய்வச் சாட்டுக்கு முறிகண்டிப் பிள்ளையார் கோயிலே சான்று. ஏ9 வீதியில் அந்தப் பிள்ளையாரைத் தாண்டும் வாகனங்களில் நிற்காமல் போவது அரிது. லொறிச் சாரதி எஞ்சினை நிற்பாட்டாமலே இறங்குவார். தேங்காய் உடைப்பார். தலையில் குட்டுவார். கைகளை மாறிக் காதைப் பிடித்து, வயிறு இடிக்க இடிக்க மூன்று தரம் குந்தி எழும்புவார். ஒரு பை கச்சான் வாங்கிக்கொண்டு ஏறிவிடுவார். தொடை, பின்புறம், முழங்கால் மூன்றுக்கும் இதைவிடச் சுருக்கமான பயிற்சி கிடையாது. சக்கரத்தை விழுங்கிய பிள்ளையாரைச் சிரிக்கவைக்க விஷ்ணுவே செய்தது என்று கதையும் உண்டு. ஆகவே மூத்தோர் ஆட்சியும் உண்டு. அதே சாரதி அதையே தன் வீட்டு விறாந்தையில் முப்பது தரம் செய்தால் மனைவி மாமியாரைக் கூப்பிடுவாள். வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலில் ஒருவர் வெயில் மணலில் வீதி முழுக்க உருண்டு அங்கப்பிரதட்சணம் செய்தால், சனம் விலகி வழிவிட்டுத் தண்ணீர் தெளிக்கும். அவர் தன் வளவுக்குள் உருண்டால் அம்புலன்ஸ் வரும்.

தண்டனைச் சாட்டு பள்ளிக்கூடத்துக்கு உரியது. சுவரில் முதுகைச் சாத்தி, கதிரை இல்லாமல் கதிரையில் இருக்கும் தண்டனையை அறியாத பழைய மாணவர் இல்லை. 2013-இல் பிறெற் கிளிக்கா, கிறிஸ் ஜோர்டன் என்ற இருவர் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டு உலகெங்கும் பரவிய ஏழு நிமிடப் பயிற்சியில், பன்னிரண்டில் இரண்டாவதாக நிற்பது இதுதான். வீட்டுப்பாடம் செய்யாதவனுக்கு எங்கள் வாத்திமார் இலவசமாகக் கொடுத்ததை அமெரிக்காவில் பயிற்றுநருக்குக் காசு கட்டிச் செய்கிறார்கள்.

விழாச் சாட்டு வருடத்தில் ஒருநாள் வரும். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் பெற்றோர் நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டதும், சப்பாத்தைக் கழற்றிவைத்துவிட்டு, வெள்ளைச் சேட்டுடன் அப்பாமார் ஓடுவார்கள். வளர்ந்த மனிதன் துரத்தப்படாமல் பொது இடத்தில் ஓட அனுமதியுள்ள ஒரே நாள் அது. மிச்ச 364 நாளும் ஓடினால், "எங்க, ஆருக்கு என்ன?" என்று பின்னால் நாலு பேர் ஓடி வருவார்கள்.

தட்டுப்பாட்டுச் சாட்டு அரசும் காலமும் சேர்ந்து தருவது. 1990-களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கண்ணில் தெரியாத காலத்தில், மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் ஒட்டுசுட்டானுக்கும் சைக்கிள்தான் ஓடியது. அரிசி மூட்டையும் விறகும் நோயாளியும் ஒரே கரியரில் போனார்கள். அக்காலத்து மெலிவை ஆரோக்கியம் என்று யாரும் எழுதினால் அது ஆய்வாகாது, அவமரியாதை. ஆனாலும் கால்கள் எதற்குப் பழகின என்பதற்கு அது சாட்சி. 2022-இல் மறுபடி எரிபொருள் இல்லை. பெற்றோல் செட்டுகளில் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றது. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது. உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் பழைய சைக்கிளைத் துடைத்து, ரியூப் மாற்றி ஏறினார்கள். வயதுபோனவர் ஏறினாலும் "சீனியோ?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நாட்டுக்கே வருத்தம் வந்துவிட்டதால் தனித்தனியே கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பெற்றோல் வந்த கிழமையே சைக்கிள்கள் முருங்கை மரத்தில் சாத்தப்பட்டன. சாட்டுப் போக, அசைவும் போயிற்று. எமது கோட்பாட்டுக்கு இதைவிடத் தூய சான்று வேண்டுமோ?

வேலைச் சாட்டே ஐந்திலும் தலையாயது. இப்போது அருகிவருவதும் அதுவே. துலா மிதித்தது, உரலில் இடித்தது, சூடு மிதித்தது, கப்பியில் அள்ளியது எல்லாம் தேகப்பயிற்சி என்ற பெயர் இல்லாமலே நடந்தவை. துலாவை மோட்டர் கொண்டுபோயிற்று. உரலை மில் கொண்டுபோயிற்று. வெட்டு, சூடு இரண்டையும் ஒரே மெசின் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. கடைக்குப் போக ஸ்கூட்டி. உடம்பு மட்டும் பழைய கணக்கில் சோறு கேட்கிறது.

நூற்பா 3

குந்தல் தள்ளல் இழுத்தல் தாங்கல்
இளைத்தல் என்றாங் கைந்தென மொழிப.

இதனாற் சொல்லியது, ஆயிரம் பயிற்சி உண்டென்று கைத்தொலைபேசி மிரட்டினாலும், வீட்டில் ஒரு சாமானும் இல்லாமல் செய்பவை இவ்வைந்தனுள் அடங்கும் என்பதாம்.

குந்தலாவது, பாதம் தோளகலத்துக்கு வைத்து, குதி கிளம்பாமல், இடுப்பைப் பின்னால் தள்ளிக் கீழிறங்கி எழும்புதல். முழங்கால் நோவுள்ளவர் கதிரை விளிம்பு வரை போய்த் திரும்பலாம். இவ்வூர்ப் பெண்கள் திருவலையில் இருந்து எழும்பி இதைத் தெரியாமலே செய்தார்கள். மிக்ஸியும் கொமட்டும் வந்தபின், தரைமட்டம் என்பது தவறி விழுந்தால் மட்டும் போகும் இடமாகிவிட்டது. இது சிரிக்கும் விஷயமல்ல. பிரேசில் மருத்துவர் கிளவுடியோ கில் அராஉஜோவும் கூட்டாளிகளும் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 51 முதல் 80 வயது வரையான இரண்டாயிரம் பேரைத் தரையில் இருந்து எழும்பச் சொன்னார்கள். கையோ முழங்காலோ ஊன்றினால் ஊன்றுக்கு ஒரு புள்ளி குறையும். புள்ளி குறைந்தவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. பாயில் இருந்து ஊன்றாமல் எழும்பி, கொண்டையை முடிந்தபடி குசினிக்குள் போகும் எழுபது வயது அம்மம்மா, பிரேசில்வரை போகாமலே முழுப்புள்ளி வாங்குகிறார். சாட்டு: வெங்காயம் உரித்தல், முற்றம் பெருக்கல், பிள்ளையார்.

தள்ளலாவது தண்டால். முழுத் தண்டாலில் உடம்புப் பாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கையில் விழும். அறுபத்தாறு கிலோ ஆள் நாற்பத்துநாலு கிலோவைத் தள்ளுகிறார். இது பெரும்பாலும் ஒரு மூட்டை யூரியா. 50 கிலோ மூட்டையில் ஆறு கிலோ சிந்தியது என்று கொள்க. ஆகவே முதல்நாளே நிலத்தில் படுக்கவேண்டாம். முதலில் சுவரில் தள்ளுக. அது இலகுவானபின் விறாந்தைக் குந்தில் கையூன்றுக. பிறகு முழங்காலூன்றி, கடைசியில் முழுத்தண்டால். கை தாழத் தாழப் பாரம் ஏறும். இதுவே இப்பயிற்சியின் முழு இரகசியம். பிளாஸ்ரிக் கதிரையில் கையூன்றுதல் விலக்கப்பட்டது. வெயிலில் கிடந்து வெளுத்த அக்கதிரை, பாரம் ஒருபக்கம் சரிந்ததும் முதலில் மெல்ல முனகும், பிறகு நாலு காலையும் நாலு திசைக்கு விரிக்கும்; நாடி நிலத்தில் இருக்கும்போதுதான் ஆராய்ச்சியாளருக்குக் காரணம் விளங்கும்.

இழுத்தலே வீட்டுப்பயிற்சியின் ஓட்டை. தள்ளச் சுவரும் நிலமும் உண்டு. இழுக்க என்ன உண்டு? நகரத்தார் கதவு நிலையில் இரும்புக் குழாய் பூட்டுகிறார்கள். இவ்விடத்தில் உலகத்துக்கு வன்னி கொடுக்கும் விடை கிணறு. மோட்டர் பூட்டிய கிணற்றிலும் கப்பி பல வீடுகளில் கிடக்கிறது. கரண்ட் நிற்கும் நாளுக்கென்று கயிறும் கிடக்கிறது. முதுகை நிமிர்த்தி, கையை மாற்றி மாற்றி, தோள்பட்டையைப் பின்னுக்கு இழுத்து அள்ளினால், முதுகுத் தசைக்கு அதைவிட வேறொன்றும் தேவையில்லை. இருபது வாளி அள்ளி வாழைக்கு ஊற்றுக. சாட்டு தேடவும் வேண்டாம், வாழை சாட்சி. கிணறில்லாதவர் தாழ்ந்த மாமரக் கிளையில் தொங்கலாம். வீட்டு வளையில் தொங்கல் ஆகாது. கறையான் அரித்ததை வளை முன்கூட்டிச் சொல்லாது.

தாங்கலாவது, முழங்கை தோளுக்கு நேர் கீழே ஊன்றி, தலைமுதல் குதிவரை ஒரு கோடாய் நின்று, அசையாதிருத்தல். இடுப்புத் தொங்கினால் நாரி பிடிக்கும். இருபது விநாடி போதும், மூச்சை அடக்கவேண்டாம். இதைக் காணும் எவரும் முதலில் முதுகில் தடவத்தான் வருவார்கள். எனவே கட்டிலடியில் உருண்டுபோன மூடியைத் தேடுகிறேன் என்று சொல்க. நாளாந்தம் மூடி உருளும் வீடென்று பெயர் வந்தாலும் பாதகமில்லை.

இளைத்தலாவது, மேல்மூச்சு வாங்குதல். இதற்கு உலகம் முழுக்கப் 'பேர்ப்பீ' என்றொன்று செய்கிறார்கள். குந்தி, கையூன்றி, காலைப் பின்னெறிந்து, திரும்பக் குந்தி, எழும்புவது. 1930-களில் றோயல் பேர்ப்பீ என்ற அமெரிக்க உடலியலாளர் இதைக் கண்டது ஆட்களின் உடல்தகுதியை அளக்கத்தான். நாளுக்கு நூறு செய்து சாகச் சொல்லவில்லை. கோயில் வாசலில் அட்டாங்க நமஸ்காரம் செய்து எழும்பி, மறுபடி விழுந்து எழும்பும் பக்தரின் அசைவு இதிலிருந்து வேறன்று. காலைப் பின்னெறியும் குதிப்பு ஒன்றுதான் குறை. சாமியறைக்கு முன்னால் பத்துத்தரம் விழுந்தெழும்பினால் மனைவி பயப்படமாட்டாள். என்ன பாவம் செய்தாரோ என்று மட்டும் யோசிப்பாள்.

நூற்பா 4

நாலு நிமிடமும் போதும் அவற்றுள்
மூச்சு முட்டுதல் முதலென மொழிப.

இது காலவளவு கூறுகின்றது. 1904-இல் டென்மார்க்கில் மியுல்லர் என்பவர் நாளுக்கு 15 நிமிடம் போதும் என்று நூல் எழுதினார். 1950-களின் முடிவில் கனடா விமானப்படைக்குப் பில் ஓர்பன் 11 நிமிடத்தில் முடித்துக்கொடுத்தார். 2013-இல் அது ஏழாயிற்று. இந்த வேகத்தில் போனால் நம் பேரப்பிள்ளைகள் பயிற்சியை நினைத்தாலே போதும் என்று ஒரு காலம் வரும்.

இவற்றுள் மிகச் சுருக்கமானது யப்பானியர் இசுமி தபாத்தா குழுவினர் 1996-இல் வெளியிட்டது: 20 விநாடி முழுமூச்சு, 10 விநாடி ஓய்வு, எட்டுத் தரம், மொத்தம் நாலு நிமிடம். ஆனால் அந்தச் சோதனையில் ஓட்டியது நிலையான சைக்கிளை. ஓட்டியவர்கள் விளையாட்டுத்துறை மாணவர்கள். ஓட்டிய வேகத்தில் கடைசிச் சுற்றில் கால் நின்றுபோகவேண்டும். "நாலு நிமிடம்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, 'முழுமூச்சு' என்பதைக் கைவிட்டவர் நாலு நிமிடம் நிலத்தில் இருந்தார் என்பதே பொருள்.

சாட்டோடு செய்யும் அசைவு கணக்கில் சேருமோ எனின், சேரும். 1953-இல் ஜெரமி மொறிஸ் என்ற மருத்துவர் இலண்டன் பஸ்களை ஆராய்ந்தார். நாள்முழுக்க இருந்து ஓட்டும் சாரதிகளைவிட, இரட்டைத்தட்டு பஸ்ஸில் ஏறி இறங்கி ரிக்கற் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவு. அவர் வவுனியா – முல்லைத்தீவு தனியார் பஸ்ஸைக் கண்டிருந்தால் இன்னொரு நூல் எழுதியிருப்பார். மேல்தட்டு இல்லாத குறையை எங்கள் நடத்துநர் மிதிபலகையில் தொங்கித் தீர்க்கிறார். ஒரு கையில் காசு, ஒரு கையில் கம்பி, வாயில் ஊர்ப்பெயர்கள். 2022-இல் வெளியான ஆய்வொன்று, பிரித்தானியாவில் தனியாகப் பயிற்சி எதுவும் செய்யாத இருபத்தையாயிரம் பேரின் கையில் கருவி கட்டிப் பார்த்தது. அன்றாட வேலைக்குள்ளேயே நாளுக்கு மூன்று தரம், ஓரிரு நிமிடம் இளைக்க இளைக்க அசைந்தவர்களிடையே இறப்பு நன்றாகக் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2020-இல், ஒருமுறைக்குப் பத்து நிமிடமாவது நீளவேண்டும் என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. அது இப்போது கேட்பது கிழமைக்குக் கடும் அசைவு 75 நிமிடம் முதல் 150 வரை, அல்லது மிதமானது 150 முதல் 300 வரை. அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை.

ஆகவே வன்னிக்குரிய அளவு வருமாறு. மேற்சொன்ன ஐந்தையும், ஒவ்வொன்றும் 30 விநாடி செய்து 15 விநாடி ஓய்ந்து, இரண்டு சுற்று. ஏழரை நிமிடம். அடுப்பில் புட்டு அவியும் நேரத்துக்குள் முடியும்; குழல் ஆவி விட்டதும் நிற்பாட்டலாம். கிணறு தூரமென்றால் இழுத்தலுக்கு ஒரு வாளித் தண்ணீரைக் குசினி வாசலில் வைத்து, முன்னால் குனிந்து, நாரி வளையாமல் வயிற்றுப் பக்கம் இழுக்கலாம். நாளுக்கு ஒருதரமென்றால் கிழமைக்கு 52½ நிமிடம். மிச்சம் 22½ நிமிடத்துக்கு முருங்கையில் சாத்திய சைக்கிள் நிற்கிறது.

நூற்பா 5

வாளி ஐம்பது வற்ற அள்ளினும்
பிளேன்ரீ ஒன்றே பெரிதென மொழிப.

பிளேன்ரீ என்றது திசைச்சொல். இது வியர்வையின் விலையை வாயின் வரவோடு சீர்தூக்குகின்றது.

பத்து லீற்றர் வாளியை 25 அடிக் கிணற்றிலிருந்து மேலே எடுக்கத் தேவையான சக்தி ஏறத்தாழ 750 யூல். தசை தான் எரிப்பதில் ஐந்தில் ஒன்றளவையே வேலையாக்கும். மிச்சம் சூடாகப் போகும். எனவே உடம்பு எரிப்பது 3,750 யூல். அதாவது ஒரு கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தேக்கரண்டிச் சீனி நாலு கிராம், 16 கலோரி. இவ்வூரில் விருந்தாளிக்கு மூன்று கரண்டிக்குக் குறைத்துப் போட்டால் மரியாதைக் குறைவு. ஆகவே ஒரு பிளேன்ரீ 48 கலோரி. ஒரு பிளேன்ரீக்கு ஐம்பது வாளி. நாலு வீட்டுக்குப் போய்க் கலியாணத்துக்குச் சொல்லிவிட்டு வருபவர், வந்ததும் வராததுமாக இருநூறு வாளி அள்ளவேண்டும். வாழை அழுகிவிடும்.

இதனால் பெறப்படுவது: தேகப்பயிற்சி வயிற்றைக் கரைக்கும் என்று நம்புகிறவர் சீனிப்போத்தலோடு முதலில் பேசவேண்டும். பயிற்சி தருவது வேறு. தசை உரமேறி நிற்கும், சீனியை இரத்தத்திலிருந்து தசை எடுத்துக்கொள்ளும், முதுமையில் விழாமல் இருக்கலாம், விழுந்தாலும் எழும்பலாம்.

நூற்பா 6

தடையொடு விடையும் தந்தன்றி நூலின்
நடைமுடி வதுவோ நவிலுங் காலே.

தடை: பிறசர், சீனி உள்ளவர் செய்யலாமோ? விடை: செய்யவேண்டியவரே அவர், ஆனால் கிளினிக்கில் கேட்டுவிட்டு, மூச்சடக்காமல், மெல்லத் தொடங்குக. நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ நிற்பாட்டுக. பங்குனி, சித்திரையில் வெயில் ஏறியபின் செய்வது வீரமல்ல.

தடை: பெண்கள் வீட்டுவேலை எல்லாம் செய்கிறார்களே, அவர்களுக்கு வேறு பயிற்சி எதற்கு? விடை: இதைக் கேட்பவர் பெரும்பாலும் கதிரையில் இருந்துகொண்டே கேட்பார். குனிந்து பெருக்குதல் நாரியைக் களைக்கச் செய்யும், பலப்படுத்தாது. ஏழரை நிமிடம் அவருக்கு வேண்டுமாயின், அந்த ஏழரை நிமிடம் அடுப்பைப் பார்ப்பவர் கேட்டவரே ஆகுக.

தடை: சாட்டின்றி வன்னியில் எவரும் அசையார் என்றீர். இஃது எல்லார்க்கும் பொருந்துமோ? விடை: பொருந்தாது. போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கரநாற்காலியில் வாழ்வோர் இம்மாவட்டங்களில் பலர். 'உயிரிழை' என்ற பெயரில் அவர்கள் ஓர் அமைப்பாகவும் கூடியிருக்கிறார்கள். ஒரே இடத்தில் இருந்தால் படுக்கைப்புண் வரும். அது உயிரையும் எடுக்கும். ஆகவே நாற்காலியின் இரண்டு பக்கமும் கையூன்றி, தன் முழு உடம்பையும் தானே தூக்கி, சில விநாடி பிடித்து, இறக்கவேண்டும். கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒருதரம். கலியாண வீட்டிலும், பஸ் தரிப்பிடத்திலும், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும். தண்டாலில் நாம் மூன்றில் இரண்டு பங்கு என்று பெருமைப்பட்டோமே, அவர்கள் கையில் முழுப்பங்கும் விழுகிறது. சாட்டுத் தேடியதாகவோ, நேரமில்லை என்றதாகவோ கேள்வியில்லை. இவ்விடத்தில் எமது கோட்பாடு தோற்கிறது. தோற்றதை நூலுக்குள்ளேயே எழுதிவைக்கிறோம்.

புறனடை

கூறிய அல்ல பிறவுள எனினும்
வியர்வை வருமேல் விலக்கல் இலவே.

இது சொல்லாதனவற்றையும் தழுவிக்கொள்கின்றது. சொல்லாது விட்டவற்றுள் ஒன்று முக்கியம். அது ஆறாவது சாட்டு. பின்னேரம் வெயில் தாழ, குளக்கட்டுகளில் பெண்கள் நாலைந்து பேராய்க் கைவீசி நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சேலையோடு சப்பாத்துப் போட்டவரும் உண்டு. கட்டின் ஒரு முனையில் தண்டாலுக்குப் பதிலாக மதகுச் சுவரில் கையூன்றித் தள்ளுகிறவர்களும் உண்டு. தனியே போனபோது ஒவ்வொருத்தியையும் கேட்ட ஊர், கூட்டமாய்ப் போகும்போது கேட்பதில்லை. ஒருத்தி செய்தால் வருத்தம்; ஐந்து பேர் செய்தால் வழக்கம். ஆகவே சாட்டுக் கிடைக்காதவர் ஆள் சேர்க்க. தகர வேலிக்கு மேலால் தெரியும் அந்த மாமியையே முதலில் கேட்க. அவருக்கு எப்படியும் ஒன்றும் தெரியாமல் போகப்போவதில்லை. வந்தாரெனில் ஊருக்குச் செய்தி சொல்ல ஆளில்லை, அவருக்கும் ஏழரை நிமிடத்தில் இளைக்கும், இளைக்கும்போது கதைக்கமுடியாது.